தம் நூலைத் தம் மொழியிற் பேசுக!

(அரசகீழ்ப்பாக்கத்தில் நடந்த திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இவ்வூரின் பெயரைப் பேருந்துப் பலகையில் ‘ராஜகீழ்ப்பாக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ‘கீழ்’ தமிழ், ‘பாக்கம்’ தமிழ், முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான் அயற்சொல். நாம் அரசகீழ்ப்பாக்கம் என்போம். பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என நம்மைச் சுற்றிலும் பாக்கங்கள். இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் 1911 முதல் தம் இறுதிக் காலம்வரை வாழ்ந்தார். 1916ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கம் முளைவிட்டது அந்த இல்லத்தில்தான். அந்த மண்ணின் அருகில் நின்று பேசுகிறேன் என்பதால், சொல்லை அளந்து பேசவேண்டும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், பன்னாட்டு இலக்கிய விழாக்களில் நூலாசிரியர்கள் தம் நூல்களைப் பற்றி உரையாடுவது. ‘இது நமக்கு எதற்கு? பணம் படைத்தோர் பொழுதுபோக்கு அன்றோ?’ என்று நண்பர் ஒருவர் வாயிலிலேயே கேட்டுவிட்டார். அன்று ஐயா, அது நம் வீட்டுச் சிக்கல். எப்படி என்று சொல்கிறேன்.

நம் பாக்கத்திலிருந்து இன்னொரு பாக்கத்துக்கு வாருங்கள். நந்தம்பாக்கம் வணிக மையத்தில், 2023ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16, 17, 18 நாள்களில், தமிழக அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியை முதன்முதலாக நடத்தியது. பிற நாட்டுப் பதிப்பாளர்கள் வந்தார்கள். தமிழ் நூல்களை அவர்தம் மொழிகளில் பெயர்ப்பதற்கு அரசு நல்கை அறிவித்தது. உடன்படிக்கைகள் பல எழுதப்பட்டன. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்து நடந்தது. இதை நாம் மனமாரப் பாராட்டவேண்டும். குறை காண்பது மட்டுமே நம் தொழில் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. வடக்கே செய்ப்பூரில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலக்கியத் திருவிழாவைப் பார்த்து, இந்தியாவின் பெருநகரங்கள் பலவற்றிலும் இத்தகைய விழாக்கள் பெருகிவிட்டன. எழுதியவரை நேரில் காண்பதும், அவர் வாயால் அவர் நூலைப் பற்றிக் கேட்பதும் நல்லவையே.

ஆனால் அவர் எந்த வாயால் பேசுகிறார் என்பதே என் வினா.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அத்தகைய விழா ஒன்றுக்குச் சென்றிருந்தேன். எந்த விழா, எந்த நகர் என்பன வேண்டா. ஒருவரைச் சுட்டிக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. குளிரூட்டிய அரங்கு. மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் தமிழ்ப் புதின ஆசிரியர். உழவர் குடியிற் பிறந்து, உழவர் வாழ்வையே எழுதியவர். மற்றொன்றில் உரையாடலை நடத்துபவர், அவரும் தமிழர். கீழே அமர்ந்திருந்தவருள் பத்துக்கு ஒன்பதின்மர் தமிழர் என்பது அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதிலேயே தெரிந்தது. ஆயினும் வினா ஆங்கிலத்தில் வந்தது. விடையும் ஆங்கிலத்தில் வரவேண்டியதாயிற்று. அந்தப் பெருமகனார் தடுமாறினார். ஐந்நூறு பக்கம் எழுதிய கைக்கு ஐந்து சொற்றொடர் அமையவில்லை. ‘ஆம்’, ‘அல்ல’, ‘அதெல்லாம் என் இளமைப் பட்டறிவு’ என்ற அளவிலேயே விடைகள் சுருங்கின. கேட்டவரோ அவர் சொல்லாததையெல்லாம் தாமே விரித்து, நூலின் உட்பொருள் இன்னது என்று முடிவும் கட்டினார். எழுதியவர் தலையசைத்தார். நூல் அவருடையது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் அவருடையதாக இல்லை.

இறுதியில் ஒரு முதிய அம்மையார் எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடிக்கவும் அவருக்குப் பழக்கமில்லை. தமிழிலே கேட்டார்: “ஐயா, நீங்கள் பூட்டாங்கயிறு என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். என் தகப்பனாரோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். உங்கள் ஊரில் அதை எதில் திரிப்பார்கள்?” அவ்வளவுதான். நுகத்தடியில் மாட்டின் கழுத்தைப் பூட்டும் அந்தக் கயிற்றைப் பற்றி அவர் பேசத் தொடங்கினார். அதைத் திரிக்கும் பக்குவம், அது அறுந்த நாளில் தம் தந்தையார் பட்ட துயர், அதன்பின் மாட்டை விற்றது, விற்ற மாடு இரவில் தானே வீடு திரும்பியது எனப் பத்து மணித்துளிக்கு மேல் பேசினார். அரங்கில் ஓர் ஓசையில்லை. அதுவரை ஆங்கிலத்திற் கேட்டுக்கொண்டிருந்த நெறியாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன். வெளியே வந்து, விற்பனைக்கு வைத்திருந்த ஆங்கிலப் பெயர்ப்பைப் புரட்டிப் பார்த்தேன். அவ்விடத்தில் வெறும் ‘கயிறு’ என்றே இருந்தது.

பெயர்த்தவரை நான் பழிக்கவில்லை. அவர் என்ன செய்வார்? ஆனால் எழுதியவர் தமிழிற் பேசியிருந்தால், அந்த ஒரு கயிற்றைக் கொண்டே ஒரு வாழ்வு முழுவதையும் உலகத்தார்க்குக் காட்டியிருப்பார். அந்தப் பேச்சைப் பெயர்த்துச் சொல்ல ஒருவரை அமர்த்தியிருந்தால், வேற்று மொழியாரும் பெற்றிருப்பர். அதற்குத்தான் வழி செய்யப்படவில்லை.

தோழர்களே! நூலை அவையில் வைத்துப் பேசுவது மேலை நாட்டார் நமக்குக் கற்பித்த வழக்கமா? தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் வினவ, தொல்காப்பியர் ஐயமறத் தெரிவித்து அரங்கேற்றினார் என்று அது கூறுகிறது. எழுதியவர் ஒருவர், வினவுபவர் ஒருவர், கேட்கும் அவை ஒன்று. இன்றைய விழா மேடையில் உள்ளவையும் இவையே. ஆனால் அன்று வினவிய ஆசான் நூலைக் கரை கண்டவர். இன்று சில மேடைகளில் வினவுபவர் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வருகிறார்.

களவியல் உரையைப் பற்றி வழிவழியாக வரும் செய்தி ஒன்றும் உண்டு. புலவர் பலரும் உரை செய்து, எது மெய்யுரை எனத் தெளிய மாட்டாது, உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, அவன்முன் உரைகளைப் படித்தார்களாம். நக்கீரனார் உரையைக் கேட்டபோது அவன் சொல்தொறும் மெய்சிலிர்த்துக் கண்ணீர் வார்த்தானாம். அதுவே மெய்யுரை எனத் துணிந்தார்களாம். நடந்ததோ கதையோ, அதில் ஓர் உண்மை இருக்கிறது. கேட்பவன் உள்ளத்தில் சொல் சென்று தைப்பதுதான் நூலுக்கு அளவுகோல் என்று நம் முன்னோர் கருதினர். அன்று அந்த அரங்கில் எழுந்து நின்ற முதிய அம்மையார்தாம் எனக்கு உருத்திரசன்மனாகத் தோன்றினார்.

இது தமிழர்க்கு மட்டும் வந்த துன்பமா? இல்லை. 1962ஆம் ஆண்டு, உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரில், மக்கரரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு ஒன்று கூடிற்று. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கர்களின் மாநாடு என்பதே அதன் பெயர். கென்ய நாட்டு இளைஞராகிய கூகி வா தியாங்கோ அங்கே மாணவர். ஆங்கிலத்தில் ஓரிரு சிறுகதைகளே வெளியிட்டிருந்தவர். அவர் அவைக்குள் இருந்தார். சுவாகிலி மொழியின் பெரும்பாவலர் சாபான் இராபர்ட்டும், யொரூபா மொழியின் பெருங்கதை ஆசிரியர் பகுன்வாவும் அவைக்குள் நுழையும் தகுதி பெறவில்லை. மாநாட்டின் பெயரே அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டது. பின்னாளில் கூகி இதை எண்ணி எண்ணி வருந்தி எழுதினார்.

வருந்தியதோடு நிற்கவில்லை. தம் தாய்மொழியாகிய கிகூயூவில் ஊர்மக்களோடு சேர்ந்து நாடகம் எழுதி நடத்தினார். ஆங்கிலத்தில் எழுதியவரையில் பொறுத்திருந்த அரசு, உழவனுக்கு விளங்கும் மொழியில் எழுதியதும் பொறுக்கவில்லை. 1977ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவரைச் சிறைப்பிடித்தது. சிறையில் கழிப்பறைத் தாளில், அதே கிகூயூவில், அவர் ஒரு புதினத்தை எழுதினார். 1980இல் அது வெளிவந்தது, தமிழிலும் வந்திருக்கிறது. 1986இல் இனி ஆங்கிலத்திற் கட்டுரையும் எழுதேன் என்று விடைகொடுத்தார். 2025ஆம் ஆண்டு மே திங்களில் அவர் மறைந்தபோது உலகமே தலைவணங்கியது. தாய்மொழிக்குத் திரும்பியதால் அவர் சிறுத்துப் போகவில்லை என்பதைக் கருதிப் பாருங்கள்.

நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. பெருமாள் முருகனின் ‘பூக்குழி’, பெயர்ப்பின் வழியே, 2023இல் பன்னாட்டுப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியல் ஏறிய முதல் தமிழ் நூல் அது. அதே ஆண்டில் அவருடைய ‘ஆளண்டாப் பட்சி’யின் பெயர்ப்பு இந்திய அளவிற் பெரும்பரிசு ஒன்றைப் பெற்றது. அப்பெயரில் உள்ள ‘பட்சி’ நமக்கு உவப்பானது அன்று. அவரோடு நமக்குக் கருத்து மாறுபாடுகளும் இருக்கலாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கொங்கு நாட்டு மக்கள் வாய்ச்சொற்களைத் தேடித் தொகுத்து வட்டாரச் சொல்லகராதி செய்தவர் அவர். அந்தச் சொற்களில் ஊன்றி நின்றதால்தான் உலகம் அவரைத் தேடி வந்தது.

‘பன்னாட்டு மேடையில் ஆங்கிலம் இன்றி எவ்வாறு இயலும்?’ என்று கேட்பார்க்கு விடை உண்டு. 2024ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஆன் காங், சுவீடன் தலைநகரில் தம் பரிசுரையைக் கொரிய மொழியிலேயே ஆற்றினார். உலகம் எழுந்து போய்விடவில்லை. பெயர்ப்பை வைத்துக்கொண்டு அமர்ந்து கேட்டது. அந்த உரைக்குப் பின்னால் ஓர் அரசின் உழைப்பும் இருக்கிறது. கொரிய இலக்கியத்தைப் பிற மொழிகளுக்குக் கொண்டு செல்வதற்கென்றே தென்கொரிய அரசு ஒரு நிறுவனம் நடத்துகிறது. பெயர்ப்போரைப் பயிற்றுவிக்கப் பள்ளியும் வைத்திருக்கிறது. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஆளைத் தேடுவது ஒரு முறை. முதலில் ஆளை உருவாக்குவது மற்றொரு முறை. அவர்கள் இரண்டாவதையும் செய்தார்கள்.

அவ்வளவு தொலைவும் செல்ல வேண்டா. சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழர் பத்தில் ஒரு பங்கினரும் அல்லர். ஆயினும் தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழிற் பேசலாம். உடனுக்குடன் பெயர்த்துச் சொல்வார்கள். 1986இல் தொடங்கிய சிங்கப்பூர் எழுத்தாளர் விழாவில் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகியவற்றோடு தமிழுக்கும் தனி அமர்வுகள் உண்டு. சிறுபான்மையராய் வாழும் நாட்டில் பன்னாட்டு விழா மேடையில் தமிழுக்கு நாற்காலி போடுகிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ ஏழு கோடித் தமிழர் இருக்கிறோம். நம் மண்ணில் நடக்கும் விழாக்கள் சிலவற்றில் தமிழ் நின்றுகொண்டிருக்கிறது.

மற்றொன்று. தமிழ் நூல் உலகுக்குச் செல்ல ஆங்கிலம் ஒன்றே வாயில் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு இல்லை. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனத்தில் ஆக்கினார். கிரால் என்னும் செருமானியர் 1856இல் குறளைச் செருமன் மொழியில் வெளியிட்டார். போப்பின் ஆங்கிலக் குறள் வந்தது 1886இல். முப்பது ஆண்டு பின்னர். கிராலுக்கு ஆங்கிலம் இடைத்தரகு செய்யவில்லை. அவர் தமிழகம் வந்து தமிழ் கற்றார். இன்று ஒரு தமிழ்ப் புதினம் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு மொழிக்குப் போகுமானால், பூட்டாங்கயிறு முதற்படியில் கயிறாகும். இரண்டாம் படியில் அதுவும் நூலாய் இற்றுப்போகும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் முடிந்தது, இன்று ஏன் முடியாது?

இவ்விடத்தில் ஓர் ஐயத்தைத் தெளிவாக்குகிறேன். நாம் ஆங்கிலத்துக்குப் பகைவர் அல்லேம். பல்லாவரத்துப் பெரியார் மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பெரும்புலமை உடையவர். ஆங்கில இதழும் நடத்தினார். மொழிஞாயிறு பாவாணர், தமிழே ஞாலத்தின் முதன்மொழி என்பதை உலகுக்குச் சொல்ல 1966இல் ஆங்கிலத்திலேயே பெருநூல் எழுதினார். தனிநாயக அடிகள் ஆங்கில இதழ் நடத்தித்தான் உலகத் தமிழாராய்ச்சிக்கு வழி திறந்தார். அவர்கள் ஆங்கிலத்தை ஏவலாகக் கொண்டார்கள், தலைவனாகக் கொள்ளவில்லை. தாமே விரும்பி ஆங்கிலத்திற் பேசுவது ஓர் எழுத்தாளரின் உரிமை. வேறு வழியின்றிப் பேசவைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

பாவாணர் பெயரைச் சொன்னதும் ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் வந்து நிற்கிறது. 1981ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் கூடிய அவை. எழுபத்தொன்பதாம் அகவை நிறையும் தறுவாயில் இருந்த பாவாணர், ‘மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும்’ பற்றித் தம் வாழ்நாள் ஆய்வின் சாரத்தையெல்லாம் திரட்டி முழங்கினார். அவ்வுரைக்குப் பின் நெஞ்சுநோய் கண்டு படுத்தார். அத்திங்களின் நடுவிலேயே, அந்த மதுரையிலேயே, மறைந்தார். பன்னாட்டு அவையில் தம் நூற்பொருளைத் தம் மொழியில் நிலைநாட்டுவதற்குத் தம் இறுதி மூச்சையே செலவிட்ட ஒருவரின் வழியில் வந்தவர்கள் நாம். அவருடைய நூல்களுள் எத்தனை இன்று பிற மொழியார் கையில் இருக்கின்றன? இவ்வினாவை அரசை நோக்கிக் கேட்குமுன் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆம், தோழர்களே! நம் குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நம் கூட்டங்களில் நூல் வெளியீடு என்றால் என்ன நடக்கிறது? ஆடை போர்த்துகிறோம், வாழ்த்துகிறோம், ‘தமிழுக்கு வந்த அணிகலன்’ என்கிறோம், படிக்காமலே வீட்டுக்குப் போகிறோம். எழுதியவரிடம் ஒரு வினாவேனும் கேட்டிருக்கிறோமா? அதங்கோட்டாசான் வழியினர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு என்ன உரிமை? ஆங்கிலத்தில் நடந்தாலும், நூலைப் பற்றி ஒரு நாழிகை பேசுகிறார்கள் என்பதற்காகவே இளைஞர்கள் அந்த விழாக்களுக்குப் போகிறார்கள். நாம் அதைத் தமிழிற் செய்தால் இங்கே வரமாட்டார்களா?

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். முதலாவது எழுத்தாளர்களுக்கு: எந்த நாட்டு மேடையானாலும், ‘நான் தமிழிற் பேசுவேன், பெயர்த்துரைக்க ஆள் வையுங்கள்’ என்று அழைப்பு வந்த நாளிலேயே எழுதுங்கள். கேட்பதற்கு நாணாதீர்கள். இரண்டாவது விழா நடத்துவோர்க்கும் அரசுக்கும்: தமிழ் மண்ணில் நடக்கும் எந்த இலக்கிய விழாவிலும் தமிழ் எழுத்தாளர் தமிழிலேயே பேசவும், பிறர்க்கு அது உடனே பெயர்க்கப்படவும் ஏற்பாடு செய்யுங்கள். பெயர்ப்போர்க்கு உரிய மதிப்பும் ஊதியமும் கொடுங்கள். பன்னாட்டுப் புக்கர் பரிசுத் தொகையே எழுதியவர்க்கும் பெயர்த்தவர்க்கும் சரிபாதியாகத்தான் பகிரப்படுகிறது. தமிழிலிருந்து செருமனுக்கும் பிரெஞ்சுக்கும் சீனத்துக்கும் நேராகப் பெயர்க்க வல்ல இளைஞர்களை நம் பல்கலைக்கழகங்களில் பயிற்றுங்கள்.

மூன்றாவது நமக்கு. அடுத்த திங்கள் தொடங்கி, இந்த அரசகீழ்ப்பாக்கத்தில், திங்களுக்கு ஒரு நூல் எடுத்துக்கொள்வோம். எழுதியவரை அழைப்போம். வருமுன் நாம் அனைவரும் நூலைப் படித்துவிடுவோம். ஆடை வேண்டா, மாலை வேண்டா. ஒரு நாழிகை அவர் பேசட்டும். ஒரு நாழிகை நாம் வினவுவோம். மாணவர் ஒருவர் அவ்வுரையாடலை எழுதி, ஆங்கிலத்திலோ பிற மொழியிலோ பெயர்த்துப் பழகட்டும். பத்துப்பேர் வந்தாலும் போதும். நாளை நந்தம்பாக்கத்திலோ பிராங்குபர்ட்டிலோ ஒரு தமிழ் எழுத்தாளர்க்குப் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்லைப் பழுதின்றிப் பெயர்த்துரைக்கப் போகிறவர், இந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். அவருக்குப் பூட்டாங்கயிறு இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

முதல் நூல் எது என்பதை இங்கேயே, கலைந்து போகுமுன், நீங்களே முடிவு செய்யுங்கள்.